இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்

கோவில்பதாகை, ஆவடி
நவம்பர் 18, 2024

அன்புள்ள சம்பந்தியம்மா ராஜகுமாரி அவர்களுக்கு,

பெனிட்டோவின் அம்மா அருள்செல்வி எழுதுவது. என்னிடமிருந்து கடிதம் வருவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் பிள்ளைகள் கல்யாணம் செய்து இரண்டு வருடமாகிறது. நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பதிவு அலுவலகத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, எங்கள் கோயில் ஆட்களிலும் பாதிப் பேர் வரவில்லை. சரி, அது முடிந்த கதை.

போன மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பக்கம் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். இடது கையும் காலும் தொய்ந்துவிட்டன. ஆண்டவர் கிருபையில் பேச்சு போகவில்லை, எழுதும் கை போகவில்லை. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற ரியா என்ற பெண், தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். "சும்மா எழுதினா போரடிக்கும் ஆண்ட்டி, யாருக்காவது லெட்டர் போடுங்க" என்றாள். நன்றி சொல்ல வேண்டியவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். முதலில் உங்கள் நினைவுதான் வந்தது. விலாசம் பெனிட்டோவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்க வாயெடுத்தான், பிறகு கேட்காமலே எழுதித் தந்தான்.

உங்கள் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதே நான் கூப்பிட்டால் காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல் ஓடி வருகிறாள். என்னைத் தாங்கிப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறாள். குளிப்பாட்டி, தலை வாரி, நகம் வெட்டி விடுகிறாள். நான் பெற்றது ஒரு மகன்தான். மகள் இருந்தால் எப்படி என்று இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். இப்படி ஒரு பெண்ணை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்களுக்கு நன்றி. கொஞ்ச நாளாக மட்டும் என்னிடம் அளந்து பேசுகிறாள். வேலையில் குறையில்லை, முகத்தில் சிரிப்பில்லை. அலுப்பாக இருக்கும், பாவம்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். எனக்காக வேண்டாம், அவளுக்காகவாவது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் தன் அம்மாவுக்குத் துணையாக பத்மா என்று பூந்தமல்லிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். முன்பின் தெரியாதவள். "பயப்படாதீங்க, எல்லாம் சரியாப் போயிரும், நாங்க எதுக்கு இருக்கோம்" என்று அவ்வளவு இதமாகப் பேசினாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன். தினமும் ஜெபத்தில் அவளுக்காக நன்றி சொல்கிறேன். வழியில் பார்த்தவளுக்கு இருந்த மனசு சொந்தத்துக்கு இல்லையே என்று இருந்தது. மனதில் வைத்துக்கொண்டு நன்றி மட்டும் எழுதினால் பொய்யாக இருக்கும் என்பதால் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அருள்செல்வி

*

கோவில்பட்டி
நவம்பர் 25, 2024

அருள்செல்வி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கடிதத்திலும் அதே மரியாதைதான் கொடுத்திருக்கிறீர்கள். முழுத் தாளை எடுத்து, இடது பாதியை வெறுமனே போட்டுவிட்டு, வலது ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நம்ம பக்கம் வரவே பிடிக்கலை போல" என்றார். இரண்டு வருடமாக மகள் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர், இதற்கு மட்டும் உட்கார்ந்து பதில் சொன்னார்.

நான் வரவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நிவேதிதா போனில் அழுதாள். "அத்தை கீழ விழுந்துட்டாங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் அப்பாவிடம் சொன்னால் சண்டை வரும் என்று, மதுரைக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே எழும்பூர் வந்தேன். அந்த ஊரில் எனக்குத் திசை தெரியாது. கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் நிவேதிதா கட்டிப்பிடித்துக்கொண்டாள். மருந்து வாங்கிவிட்டு வருகிறேன், அத்தையோடு பேசிக்கொண்டிரு என்று என்னை உங்கள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

நான் உங்கள் கையைப் பிடித்தேன். "சம்பந்தியம்மா, எப்படி இருக்கீங்க?" என்றேன். நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்த்து, "இப்போ பரவாயில்லைம்மா" என்றீர்கள். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன். பயப்படாதீர்கள் என்றேன். எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அவளுக்கே பதில் சொன்னீர்கள். என் கையிலிருந்த உங்கள் கை ஒரு விரல்கூட அசையவில்லை, கட்டை மாதிரி கிடந்தது. கடைசியில் சொன்னீர்களே, அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "நீயாவது வந்து கேட்டியேம்மா. சம்பந்தின்னு ஒருத்தங்க இருக்காங்க, எட்டிக்கூடப் பார்க்கலை."

பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டே ஜாடை பேசினீர்கள். எங்கள் ஊரில் எதிரிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

வாசலில் நிவேதிதாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். இனி அந்த வீட்டுப் பக்கம் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு அன்றைய ரயிலிலேயே திரும்பினேன். உங்கள் உடம்பு குணமாகட்டும். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ராஜகுமாரி

*

கோவில்பதாகை
டிசம்பர் 3, 2024

அன்புள்ள சம்பந்தியம்மா,

இந்தத் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதல்லவா? ரியா போட்டது. ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பித் தேடி, அங்கிருந்து அடுத்த வரியை ஆரம்பிக்க வேண்டும். அப்படித்தான் இதை எழுதுகிறேன். அதனால் நாளாகும், ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தை முதலில் நானே படிக்கப் பார்த்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. "என்னடி உங்க அம்மா இப்படி எழுதியிருக்காங்க" என்று நிவேதிதாவிடம் கொடுத்தேன். அவள் வாசித்துக் காட்டினாள். முன்பதிவில்லாத பெட்டி என்ற இடம் வந்ததும் நான் அவளை நிறுத்தினேன்.

"உங்க அம்மா எப்போ வந்தாங்க?"

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "அத்தை, விளையாடுறீங்களா?"

"சேசுவே, நான் ஏன்டி விளையாடறேன்? அவங்க வரவே இல்லையே."

"ஒரு மணி நேரம் உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு."

"யாரும் உட்காரலை. அந்தப் பக்கம் ஸ்டூலே கிடையாது" என்றேன் நான்.

சம்பந்தியம்மா, நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். என் கட்டிலுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. நிவேதிதா கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நான் உங்களை வேற மாதிரி நெனச்சுட்டேன் அத்தை. எங்கம்மாவை அவமானப்படுத்தினவங்களுக்கு ஏன் செய்யறோம்னு நெனச்சுக்கிட்டேதான் செஞ்சேன்." அந்த எண்ணத்தோடும் அவள் எனக்குச் சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

இடப்பக்கம் இருப்பது எனக்குப் படுவதில்லை என்று ரியா முதல் நாளே சொன்னாள். நான்தான் நம்பவில்லை. தோசை வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு, "இன்னும் பசிக்குது, ஒண்ணு ஊத்து" என்பேனாம். நிவேதிதா புதுத் தோசை ஊற்ற மாட்டாள், தட்டைச் சுற்றித் திருப்பி வைப்பாள். மீதிப் பாதி எங்கிருந்தோ வந்து நிற்கும். அதைக்கூட அவள் குறும்பு செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு ரியாவைக் கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். அவள் வேலப்பன்சாவடி பக்கம் காலேஜில் படித்தவள், பொறுமைசாலி.

"உங்க கண்ணு நல்லாதான் இருக்கு ஆண்ட்டி. இடது பக்கம் இருக்கறது எல்லாமே கண்ணுக்குள்ள போகுது. ஆனா கவனம் அந்தப் பக்கம் போக மாட்டேங்குது. கவனம் போகாத இடத்துல இருக்கறது உங்களுக்கு இல்லவே இல்லாத மாதிரி ஆயிடுது. இருட்டா இருந்தா, ஏதோ தெரியலைன்னு தேடுவீங்க. இங்க இருட்டும் இல்லை. அதான் உங்களுக்கே தெரியலை."

"குரல் கேட்டுதே?"

"குரலும் அப்படித்தான். இடது பக்கம் பேசினா, வலது பக்கத்துல இருந்து வர்ற மாதிரி தோணும். யார் முகம் தெரியுதோ அவங்க பேசினதா எடுத்துக்குவீங்க. அதுக்குப் பொருந்தாத வார்த்தை வந்தா மனசுல நிக்காது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆவடி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதாக நினைத்து வழியில் உள்ளதைச் சொல்லச் சொன்னாள். முப்பது வருடம் நடந்த ரோடு. பழக்கடை, செருப்புக் கடை, மாவு மில் என்று மளமளவென்று சொன்னேன். "இப்போ வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போங்க" என்றாள். மருந்துக் கடை, பள்ளிக்கூடச் சுவர், டீக்கடை என்று சொன்னேன். நிவேதிதா இரண்டையும் எழுதி வைத்திருந்தாள். போகும்போது சொன்னதில் ஒன்றுகூட வரும்போது சொன்னதில் இல்லை. இரண்டு தடவையும் எனக்கு வலப்பக்கம் இருப்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் நடந்தாலும் எனக்கு ரோட்டில் பாதிதான் இருந்தது. அப்போதுதான் பயந்தேன். அப்போதுதான் நம்பினேன்.

பத்மாவுக்குப் போன் போட்டேன். நீதானேம்மா எனக்கு ஆறுதல் சொன்னது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானா? இன்னாம்மா சொல்ற நீ? நான் எங்கம்மாக்கு கஞ்சி ஊட்டிக்கினு இருந்தேன். அந்த ஊர்க்காரம்மாதான் உன் கையப் புடிச்சிக்கினு பேசிக்கினு இருந்துச்சு. நீ இன்னான்னா என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்ற. இன்னாடா இது, கேக்கறது அவங்க, பதில் நமக்கு வருதேன்னு நானே முழிச்சிக்கினு இருந்தேன். அந்தம்மா கண்ணத் தொடச்சிக்கினு போச்சு. குடும்பத்துக்குள்ள இன்னாவோ கீதுன்னு நான் வாய மூடிக்கினேன்."

"சரியாப் போயிரும்" என்று ஆவடியிலோ பூந்தமல்லியிலோ யாரும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். அது உங்கள் ஊர்ப் பேச்சு. உங்கள் குரல். அந்தக் குரலுக்குத்தான் நான் தினமும் ஜெபத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், வேறொருத்தி பெயரில். அந்த நன்றியை இப்போது உரியவருக்கு எழுதுகிறேன். நீங்கள் நின்றுகொண்டே வந்த ரயிலுக்கும், பிடித்திருந்த கைக்கும், சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நன்றி. நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு. எட்டிப் பார்க்கவில்லை என்று உங்கள் மடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சொல்லியிருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீங்கள் நம்பாவிட்டாலும் தப்பில்லை. நானே நம்பவில்லை.

அருள்செல்வி

*

கோவில்பட்டி
டிசம்பர் 12, 2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் நான் நம்பவில்லை. நன்றாகக் கதை கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வியாதி என்றால் கை விளங்காமல் போகும், வாய் கோணும், கண் தெரியாமல் போகும். இப்படிப் பக்கம் பார்த்துப் பாதி உலகத்தை மறைக்கிற வியாதியை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று நடந்தது. நான் தையல் மிஷின் வைத்திருப்பது நிவேதிதா சொல்லியிருப்பாள். கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் வாடிக்கைக்காரி மதிவதனி எதிரே கோபமாக நிற்கிறாள். "எவ்ளோ நேரமா நிக்கேன், ஏறிட்டுப் பாக்கிய, திரும்பக் குனிஞ்சுக்கிடுதிய. அவ்ளோ பெரிய ஆளாகிட்டியளோ?" என்றாள். நான் அவளைப் பார்த்தேனாம், இரண்டு தடவை. சத்தியமாக எனக்குத் தெரியாது. என் கண் அவளிடம் போயிருக்கிறது, மனசு ஜரிகையிலேயே இருந்திருக்கிறது. அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மிஷினை நிறுத்தி உட்கார்ந்தேன். நல்ல உடம்போடு இருக்கிற எனக்கே இப்படி என்றால், அடிபட்ட மூளைக்கு என்ன நடக்கும் என்று தோன்றியது.

பிறகு அன்றைய தினத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உங்கள் மடியில் ஆஸ்பத்திரித் தட்டு இருந்தது. என் பக்கத்து இட்லி இரண்டும் தொடாமல் கிடந்தன. அந்தப் பக்கத்து இட்லியைத் தின்று, சட்னியை வழித்திருந்தீர்கள். உங்கள் கண்ணாடியின் இடது காம்பு காதில் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமுடியும் இடப்பக்கம் வாரப்படாமல் இருந்தது. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது, இப்போது படம் மாதிரி வருகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர்கள் என்னை மதிக்கிறார்களா இல்லையா என்று உங்கள் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடியை எடுத்து மாட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

உங்களை நம்புகிறேன், மதினி.

நிவேதிதா போனில் பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் சிரித்துப் பேசினாள். பொங்கல் கழிந்து வரலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் மதுரைக்குப் போவதாகச் சொல்ல மாட்டேன்.

ராஜகுமாரி

*

கோவில்பதாகை
ஜனவரி 24, 2025

அன்புள்ள மதினி,

அப்படிக் கூப்பிட எனக்கும் ஆசை, அதனால் எழுதிவிட்டேன். எங்கள் பக்கம் அந்தச் சொல் வழக்கமில்லை. வாய்க்குப் புதிதாக இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாக நிவேதிதா சொன்னாள். நீங்கள் இங்கே இருந்த நாட்களில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் பார்த்தது வேறு, எனக்குள் நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் பெனிட்டோ உங்களுக்காக என் வலப்பக்கம் நாற்காலி போட்டான். அதுதான் எல்லோருக்கும் சுலபம். வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள், நானும் பேசுவேன். நீங்கள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் இடப்பக்கம் வந்தீர்களாம். எனக்கு அது தெரியாது. போட்ட நாற்காலி மாயமாகிவிட்டது, வந்த உங்களையும் காணோம் என்றுதான் எனக்குப் பட்டது. "எங்கே போனாங்க?" என்றேன். "இங்கதான் மதினி இருக்கேன், திரும்புங்க" என்று குரல் வந்தது. வலப்பக்கம் பார்த்தேன், பெனிட்டோ நின்றான். "அங்க இல்ல. இன்னும் திரும்புங்க." எவ்வளவு திரும்பினேனோ தெரியாது. ரியா சொன்னபடி சுவரின் மூலையைத் தேடினேன், ஜன்னலைத் தேடினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒரு பச்சைச் சேலை ஓரம் வந்தது, ஒரு வளையல் வந்தது, அப்புறம் உங்கள் முகம். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். உங்களை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நிவேதிதாவின் மூக்கு உங்கள் மூக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனோமே, அதைப் பற்றியும் எழுத வேண்டும். கரைமேல் ஏறக் கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டதால் காரை ஓரம் கட்டி, தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றோம். நிவேதிதா வீல்சேரை நிறுத்திவிட்டு உங்கள் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது, அக்கரையில் குடோன் கூரைகள் தெரிந்தன. நல்ல ஏரிதான், ஆனால் கேள்விப்பட்ட அளவுக்குப் பெரியதில்லை என்று நினைத்தேன். "அவ்வளவுதானா?" என்று வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

என் தலையில் இரண்டு கையையும் வைத்து, மெதுவாக, தையல் துணியைத் திருப்புகிற மாதிரித் திருப்பினீர்கள். ஏரி முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஏரி வந்தது, மதினி. வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக ஒரு பறவைக் கூட்டம், அதற்கு அப்பால் தண்ணீர், அதற்கும் அப்பால் தண்ணீர். இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் இவ்வளவு இருந்ததே என்று பயம் வரவில்லை. இவ்வளவு எனக்காக இன்னும் இருக்கிறதே என்றுதான் இருந்தது. நான் அழுததைப் பார்த்து நிவேதிதா பயந்துவிட்டாள். உங்களுக்கு மட்டும் புரிந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கையை எடுக்கவே இல்லை.

முழுதாகக் குணமாகுமா என்று ரியாவிடம் கேட்டேன். நிறைய முன்னேறுவீர்கள், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இருக்கும் என்று மறைக்காமல் சொன்னாள். இருக்கட்டும். இடப்பக்கம் இருப்பதை இனி யாராவது சொன்னால் வாதாட மாட்டேன், நம்பித் திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று சாப்பிடும்போது நானே தட்டைத் திருப்பினேன். நிவேதிதா கைதட்டினாள், சின்னப் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி.

நன்றியுடன்,
உங்கள் மதினி அருள்செல்வி

*

கோவில்பட்டி
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் நான் கடையில் இருக்கும்போது வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை பிரிந்திருக்கிறது. இவர் வாசித்திருக்கிறார். கேட்டால், "கரண்ட் பில்லுன்னு நெனச்சுப் பிரிச்சேன்" என்றார். சாப்பிட உட்கார்ந்ததும் அவராகவே, "பிள்ளை மூக்கு உன் மூக்குன்னு எழுதியிருக்காக. அது எங்க அம்மா மூக்குல்லா" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் "பிள்ளை" என்று வந்தது. நான் ரசம் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் அவரே ஸ்டேஷனுக்குப் போய்வந்து, பங்குனியில் நீங்கள் மூன்று பேரும் வருவதற்கு டிக்கெட் விசாரித்து வந்திருக்கிறார். கீழ் பெர்த்தாக வேண்டும் என்று சொல்லி, இங்கே டாக்ஸிக்காரரிடமும் பேசிவிட்டார். என்னிடம் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "அந்தம்மா படி ஏறுவாகளா, பலகை போடணுமா, கேட்டு எழுது" என்றார். அதனால் கேட்கிறேன். வாசலில் மூன்று படி. பலகை போடவா, நீங்கள் ஏறிவிடுவீர்களா?

தெருவில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்காதீர்கள். கல்யாணத்துக்கு வராத சொந்தம் எல்லாம் அன்றைக்கு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும். என் சம்பந்தி வந்திருக்கிறார்கள் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஒரு விஷயம். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் எங்கள் வீடு இடப்பக்கம் இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவீர்களோ என்று வருத்தப்பட வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, நிதானமாகத் திரும்புங்கள். நேரம் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் பார்க்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

ராஜகுமாரி